சிறுநீர்ப்பைப் புற்றில் ஆக்சிஜன் பற்றாக்குறைப் புரதங்களும் நுண்நாளங்களும்: முதல் ஆய்வேட்டில் இறங்குபவர்களுக்கு

முதுநிலைப் படிப்பின் கடைசி ஆண்டு. 80 நோயாளிகளின் சிறுநீர்ப்பைக் கட்டிகளில் இரத்த நாளங்களை எண்ணி முடித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்த ஒரு மாலையில், பேராசிரியை என் ஸ்லைடுகளில் ஒன்றை வாங்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். என் பட்டியலிலேயே நாளங்கள் மிக அதிகமாக இருந்த ஸ்லைடு அது. அரை நிமிடம் பார்த்தார். "இவருக்கு இதற்கு முன்பே ஒருமுறை கட்டியைச் சுரண்டி எடுத்திருக்கிறார்களா அம்மா?" என்றார். கோப்பைப் புரட்டினேன். 5 வாரங்களுக்கு முன் எடுத்திருந்தார்கள். நான் எண்ணியது புற்று வளர்த்த நாளங்களை அல்ல, புண் ஆறுவதற்காக உடம்பு வளர்த்த நாளங்களை. அன்றிரவு மற்றக் கோப்புகளையும் பார்த்ததில் இன்னும் 11 பேர் அதே நிலையில் இருந்தார்கள்.

பாதி வேலையை மறுபடி செய்தேன். அதில் கற்றதைத்தான் இங்கே வரிசையாகத் தருகிறேன். நோயியல், சிறுநீரகவியல், புற்றுநோயியல் என்று எந்தத் துறையிலிருந்து வந்தாலும், திசுவை மெழுகில் பதித்து வைத்த பழைய பாரஃபின் பிளாக்குகளில், ஆக்சிஜன் குறையும்போது செல்லில் கூடும் புரதங்களுக்குச் சாயமேற்றி நாள அடர்த்தியோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்குப் பயன்படும். சாயமேற்றும் நுட்பத்தைவிட, எந்த பிளாக், அதன் திசு எப்போது ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்துக்குள் போனது, அதில் எந்த இடத்தைப் பார்க்கிறீர்கள் என்பவையே உங்கள் முடிவைத் தீர்மானிக்கும். அதனால் அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

1. கேள்வியை ஒரு வரிக்குள் அடக்குங்கள்

"சிறுநீர்ப்பைப் புற்றில் ஆக்சிஜன் பற்றாக்குறைப் புரதங்களின் வெளிப்பாடு" என்பது தலைப்பு மட்டுமே, கேள்வி அல்ல. "தசைக்குள் ஊடுருவாத கட்டிகளில் சிஏ-9 சாயம் ஏறிய நோயாளிகளுக்குக் கட்டி சீக்கிரம் திரும்புகிறதா?" என்பது கேள்வி. இரண்டாவதைப் போல ஒன்றை எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டிவிட்டுத்தான் மற்ற எதையும் தொடங்க வேண்டும்.

கேள்வி எழுத, புரதங்கள் என்ன செய்கின்றன என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். செல்லில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது, ஆக்சிஜன் குறைவைச் செல்லுக்கு உணர்த்தும் எச்ஐஎஃப்-1 ஆல்பா புரதத்தின் இரண்டு புரோலின் இடங்களில் நொதிகள் ஹைட்ராக்சில் சேர்க்கின்றன. அந்த அடையாளத்தைக் கண்டதும் விஎச்எல் புரதம் அதைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் இந்த அடையாளம் விழுவதில்லை. புரதம் தேங்கி, நியூக்ளியஸுக்குள் போய், பல மரபணுக்களை இயக்குகிறது. அவற்றில் மூன்று உங்களுக்கு வேண்டியவை: புதிய நாளங்களை வரவழைக்கும் விஇஜிஎஃப், செல்லுக்குள் குளுக்கோஸ் ஏற்றும் குளுட்-1, அமிலத்தைச் சமாளிக்கும் சிஏ-9.

இங்கேதான் முதல் பொறி. "ஆக்சிஜன் குறைந்தால் நாளம் அதிகமாகும், எனவே இரண்டும் சேர்ந்தே உயரும்" என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். நாளத்திலிருந்து ஆக்சிஜன் பரவும் தூரம் சுமார் 100 முதல் 200 மைக்ரான்தான். அதற்கு அப்பால் உள்ள செல்கள்தான் மூச்சுத் திணறுகின்றன. அப்படியானால் நாளம் அடர்ந்த இடத்தில் சிஏ-9 இல்லாமல் போகலாம், நாளமற்ற இடத்தில் அது கொழுந்துவிட்டு நிற்கலாம். ஒரே நோயாளியில் இரண்டும் உண்மையாக இருக்கும். ஆகவே நோயாளி அளவில் ஒப்பிடுகிறீர்களா, மைக்ரோஸ்கோப்பில் ஒரே பார்வையில் தெரியும் பரப்பான ஒரே புலத்துக்குள் ஒப்பிடுகிறீர்களா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பின்னால் ஸ்லைடு வெட்டும் வரிசை முழுவதும் இதைப் பொறுத்தே இருக்கும்.

இன்னொன்று: தசைக்குள் ஊடுருவாத கட்டிகளையும் ஊடுருவியவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடாதீர்கள். சிறுநீர்ப்பைப் புற்று கண்டறியப்படும்போது நான்கில் மூன்று பங்கு ஊடுருவாதவையாகவே இருக்கும். சிகிச்சை வேறு, போக்கு வேறு, சாயம் ஏறும் விதமும் வேறு.

2. காகிதங்கள்

நெறிமுறைக் குழுவின் அனுமதி வருவதற்கு முன் ஒரு பிளாக்கைக்கூடத் தொடாதீர்கள். பின்னோக்கி அனுமதி தருவது பெரும்பாலும் நடக்காது. தந்தாலும் ஆய்விதழ் கேள்வி கேட்கும்.

குழுவிடம் கொடுக்க வேண்டியவை இடத்துக்கு இடம் மாறினாலும், அடிப்படையில் இவை வேண்டும்: ஆய்வுத் திட்டம், நோயாளி விவரம் பதியும் படிவம், ஒப்புதல் படிவம் அல்லது ஒப்புதலிலிருந்து விலக்கு கேட்கும் கடிதம், பெயர்களை எப்படி நீக்கிக் குறியீடு கொடுப்பீர்கள் என்ற குறிப்பு, நோயியல் துறைத் தலைவரின் சம்மதக் கடிதம். இந்தக் கடைசிக் கடிதத்தை நான் மறந்துவிட்டேன். கூட்டம் மாதம் ஒருமுறைதான் நடக்கும் என்பதால் ஒரே ஒரு காகிதத்துக்காக ஒரு மாதம் போயிற்று.

விலக்கு கேட்கும்போது, திசு ஏற்கெனவே நோயறிதலுக்காக எடுக்கப்பட்டது, அறிக்கை கொடுத்தாகிவிட்டது, பிளாக்கில் மறுபரிசோதனைக்குப் போதுமான திசுவை விட்டுவைப்போம் என்ற மூன்றையும் வெளிப்படையாக எழுதுங்கள். பிளாக்கைத் தீர்த்துவிடுவீர்களோ என்பதுதான் குழுவின் உண்மையான கவலை. சாயமேற்றுவது வேறொரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் என்றால், திசு கைமாறுவதற்கான ஒப்பந்தம் தனியாக வேண்டும். சட்டப் பிரிவு அதைப் படித்து முடிக்க நெறிமுறைக் குழுவைவிட அதிக காலம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

3. சரியான பிளாக்கைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் முறை கட்டியைச் சுரண்டி எடுத்த திசுதான் வேண்டும். டியுஆர்பிடி எனப்படும் இந்த முறையில் துண்டு துண்டாகத்தான் திசு வரும். பிறகு 2 முதல் 6 வாரங்களுக்குள் இரண்டாம் முறை சுரண்டுவது அதிக ஆபத்துள்ள கட்டிகளுக்கு வழக்கம். அந்த இரண்டாவது திசுவை எடுத்தால் என் கதிதான் உங்களுக்கும். அங்கே பாதி, புண் ஆறும் திசுவாக இருக்கும். மெல்லிய சுவர் கொண்ட புதிய நாளங்கள் புல்லாய் முளைத்துக் கிடக்கும். பிசிஜி மருந்து சிறுநீர்ப்பைக்குள் செலுத்தப்பட்ட பின் எடுத்த திசுவும் அப்படித்தான், அழற்சியும் நாளங்களும் நிறைந்திருக்கும். அறுவைக்கு முன் சிஸ்பிளாட்டின் சேர்ந்த மருந்து பெற்றவர்களையும் தனியாக ஒதுக்குங்கள்.

பதிவேட்டில் பெயரைப் பார்த்து பிளாக்கை எடுத்துவிடாமல், எச் அண்ட் ஈ என்ற வழக்கமான திசுச் சாயம் ஏற்றிய பழைய ஸ்லைடுகளை முழுமையாகப் பார்த்த பிறகே தேர்ந்தெடுங்கள். மின்சாரக் கம்பியின் சூட்டில் கருகி, நியூக்ளியஸ் எல்லாம் கம்பி போல நீண்டு நிற்கும் துண்டுகள் டியுஆர்பிடியில் சகஜம். அவற்றில் எந்தச் சாயத்தையும் நம்ப முடியாது. 5 பிளாக்குகள் உள்ள நோயாளிக்கு, கட்டி அதிகமாகவும் கருகல் குறைவாகவும் உள்ளது எது, நெக்ரோசிஸ் எனப்படும் செத்த திசு எதில் இருக்கிறது, ஊடுருவும் விளிம்பு எதில் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் பற்றாக்குறைப் புரதங்கள் செத்த திசுவைச் சுற்றித்தான் கூடி நிற்கும். செத்த திசு உள்ள பிளாக்கை ஒருவருக்கும், இல்லாததை இன்னொருவருக்கும் எடுத்தால், நீங்கள் ஒப்பிடுவது நோயாளிகளை அல்ல, பிளாக்குகளை.

அறிக்கையில் உள்ள கிரேடை, அதாவது புற்றுச் செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்ற தரத்தை, கண்மூடி எழுதிக்கொள்ளாதீர்கள். பழைய அறிக்கைகள் உலக சுகாதார நிறுவனத்தின் 1973-ஆம் ஆண்டு முறைப்படி 1, 2, 3 என்று இருக்கும், புதியவை குறை கிரேடு, உயர் கிரேடு என்று இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராக மாற்ற முடியாது. ஸ்லைடைத் திரும்பப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

நூறு பேரைப் பட்டியலிட்டால் கையில் மிஞ்சுவது எழுபது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில பிளாக்குகள் கிடைக்காது, சிலவற்றில் திசு தீர்ந்திருக்கும். என் ஆய்வில் ஒரு பிளாக் எலி கடித்த நிலையில் கிடைத்தது. அதையும் காரணப் பட்டியலில் எழுதினேன்.

4. ஃபார்மலினுக்குள் போன நேரம்

எச்ஐஎஃப்-1 ஆல்பா அடுப்பில் எரியும் தீ, சிஏ-9 சுவரில் படிந்த கரி. ஆக்சிஜன் கிடைத்ததும் எச்ஐஎஃப் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். சிஏ-9 ஒரு நாளுக்கும் மேல் அப்படியே நிற்கும். எனவே திசு உடம்பிலிருந்து வந்தபின் மேசையில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பது எச்ஐஎஃப் முடிவைப் புரட்டிப்போடும்.

சிறுநீர்ப்பையை முழுதாக அகற்றும் அறுவையில் இது இன்னும் மோசம். நாளங்களைக் கட்டிய பின்னும் உறுப்பு நெடுநேரம் உடம்பின் சூட்டிலேயே இருக்கும். அந்த நேரத்தில் எச்ஐஎஃப் உயர்ந்தால் அது கட்டியின் குணமல்ல, அறுவையின் விளைவு. வெளியே வந்த பை திறக்கப்படாமல் ஃபார்மலின் வாளியில் போடப்பட்டால், உட்புறக் கட்டிக்கு ஃபார்மலின் போய்ச் சேரப் பல மணி நேரமாகும். அது ஊடுருவுவதே மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். அதனால் எச்ஐஎஃப் உங்கள் முக்கியக் கேள்வி என்றால், டியுஆர்பிடி திசுவையும் முழுப்பை அறுவைத் திசுவையும் ஒன்றாகக் கலக்கவே வேண்டாம். இந்த ஒரு விதியில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பழைய பிளாக்குகளுக்கு இந்த நேரம் எங்கும் பதிவாகியிருக்காது. அதை ஆய்வின் குறையாக நேர்மையாக எழுதிவிட்டு, முடிவின் பாரத்தை சிஏ-9, குளுட்-1 இரண்டின் மேல் ஏற்றுங்கள்.

5. ஆன்டிபாடியும் செலவும்

தேடும் புரதத்தைப் பிடித்து அங்கே சாயம் ஏறச் செய்வதுதான் ஆன்டிபாடி. முதலில் ஒரு கணக்கு. ஒரு ஸ்லைடை மூட 200 மைக்ரோலிட்டர் நீர்த்த ஆன்டிபாடி வேண்டும் என்று வைத்தால், 80 ஸ்லைடுகளுக்கு 16 மில்லிலிட்டர். 1:200 என்று நீர்த்தால் மூல ஆன்டிபாடி 80 மைக்ரோலிட்டர் போதும், ஒரு சிறிய புட்டியில் முடிந்துவிடும். 1:50 என்றால் 320 மைக்ரோலிட்டர், நான்கு புட்டிகள். விலைப்பட்டியலில் மலிவாகத் தெரிந்த ஆன்டிபாடி அதிக அடர்த்தி கேட்டால் அதுவே விலை உயர்ந்ததாகிவிடும். வாங்கும் முன் தகவல் தாளில் நீர்ப்பு விகிதத்தைப் பாருங்கள். அதில் எழுதியிருப்பதைவிட அடர்த்தியாகத்தான் கடைசியில் பயன்படுத்த வேண்டிவரும் என்று வைத்தே கணக்கிடுங்கள்.

பலரும் மறப்பது நிறமேற்றும் கிட் செலவை. ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும், ஒவ்வொரு தொகுதியிலும் கூடவே ஓடும் நேர்மறை, எதிர்மறைக் கட்டுப்பாட்டு ஸ்லைடுகளுக்கும் அது செலவாகும். 80 நோயாளி, 5 ஆன்டிபாடி என்றால் 400 ஸ்லைடுகள். கட்டுப்பாடுகளும் மறுபடி செய்ய வேண்டியவையும் சேர்ந்தால் 500-ஐத் தொடும். இதற்கு மேல், மின்னேற்றம் பூசிய ஸ்லைடுகள் வேறு. சாதாரண ஸ்லைடில் வெட்டினால், சூடாக்கும்போது திசு மிதந்து போய்விடும். அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தால் போதும், சிக்கனம் மறந்துபோகும்.

பணம் குறைவு என்றால் எதை விடலாம்? என்னைக் கேட்டால் விஇஜிஎஃப். சுரந்து வெளியேறும் புரதம் அது. சைட்டோபிளாசம் முழுக்கப் பழுப்புப் பூச்சாகப் பரவி, சுற்றியுள்ள இணைப்புத் திசுவிலும் கறையாகத் தெரியும். எது ஏறியது, எது ஏறவில்லை என்று இரண்டு பேர் ஒத்துப்போவதே கடினம். உங்கள் ஆய்வு வழிகாட்டி அது கண்டிப்பாக வேண்டும் என்பார், அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்கத் திசு நுண்வரிசை செய்யலாமா என்று கேட்பார்கள். ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் சிறு உருளைகளைத் துளைத்தெடுத்து ஒரே ஸ்லைடில் அடுக்குவது அது. செலவு பத்தில் ஒன்றாகும் என்பது உண்மை. ஆனால் 0.6 மில்லிமீட்டர் உருளையின் பரப்பு 0.28 சதுர மில்லிமீட்டர்தான். நாளங்கள் மிக அடர்ந்த இடத்தைத் தேடி எண்ணுவது உங்கள் முறை என்றால், தேடுவதற்கு இடமே இல்லாத ஒன்றில் எதைத் தேடுவீர்கள்? செத்த திசுவின் ஓரத்தைத் துளை தவறவிட்டால் சிஏ-9 இல்லை என்று தவறாக எழுதிவிடுவீர்கள். நாளம் எண்ணும் ஆய்வுக்கு முழு வெட்டுதான் சரி.

நாளங்களின் உட்சுவர்ச் செல்களைக் காட்ட சிடி31, சிடி34 ஆன்டிபாடிகள் இரண்டில் ஒன்று போதும். சிடி31 மேக்ரோஃபேஜ்களையும் பிளாஸ்மா செல்களையும் சேர்த்துப் பிடிக்கும். அழற்சி மிகுந்த சிறுநீர்ப்பையில் அது தொல்லை. சிடி34 நன்றாக ஏறும், பழைய பிளாக்குகளிலும் பெரும்பாலும் கைவிடாது. ஆனால் மேற்படலத்துக்கு அடியிலுள்ள இணைப்புத் திசுவின் கதிர் வடிவச் செல்களையும் அது நிறமாக்கும். குழிவில்லாமல், மெல்லிய நூல் போல, தனித்தனியாகக் கிடப்பவை அவை. நான் சிடி34 எடுத்தேன், அந்தச் செல்களை அடையாளம் காணப் பழகிக்கொண்டேன்.

வாங்கிய ஒவ்வொரு புட்டியின் குளோன் (ஆன்டிபாடி வகை) பெயர், பட்டியல் எண், லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், திறந்த தேதி நான்கையும் அன்றே நோட்டில் எழுதுங்கள். சிஏ-9க்கு எம்75, சிடி34க்கு கியூபிஎண்ட்/10, சிடி31க்கு ஜேசி70ஏ போன்றவை அதிகம் பயன்படும் குளோன்கள். ஆய்வின் நடுவில் லாட் மாறினால், பழைய லாட்டில் செய்த 5 ஸ்லைடுகளைப் புதியதிலும் செய்து பார்த்துவிட்டு மேலே போங்கள்.

6. ஒத்திகை

நோயாளிகளின் ஸ்லைடில் கை வைக்கும் முன் கட்டுப்பாட்டுத் திசுக்களைச் சேர்த்து வையுங்கள். விஎச்எல் வேலை செய்யாத தெளிசெல் சிறுநீரகப் புற்று எச்ஐஎஃப், சிஏ-9 இரண்டுக்கும் நல்ல நேர்மறை. சிஏ-9க்கு இன்னும் எளிதானது சாதாரண இரைப்பைச் சவ்வு, அதில் இயல்பாகவே சிஏ-9 நிறைந்திருக்கும். குளுட்-1க்குத் தனியாக எதுவும் தேட வேண்டாம். ஒவ்வொரு ஸ்லைடிலும் இருக்கும் சிவப்பணுக்களே நேர்மறை. சிவப்பணு ஏறாத ஸ்லைடில் கட்டி ஏறவில்லை என்று எழுதக் கூடாது. அதுபோலவே நாளங்களுக்கு, கட்டிக்கு வெளியே உள்ள சாதாரண நாளமே சாட்சி.

எச்ஐஎஃப் தான் தலைவலி. ஃபார்மலின் மறைத்துவிட்ட புரதத்தைச் சூட்டில் மீட்கும் படியில் சிட்ரேட் பிஎச் 6, டிரிஸ்-இடிடிஏ பிஎச் 9 இரண்டையும், மூன்று நீர்ப்பு விகிதங்களில் முயன்று பாருங்கள். மொத்தம் 6 ஸ்லைடுகள், ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தப் பார்த்த நான் 3 வாரங்களை இழந்தேன்.

சிறுநீர்ப்பைக்கே உரிய பொறி ஒன்று உண்டு. இந்தக் கட்டிகள் இரத்தம் கசிபவை. பழைய இரத்தக் கசிவு இருந்த இடத்தில் ஹீமோசிடரின் நிறமி தங்கிவிடும். அதுவும் பழுப்பு, ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைக் காட்டும் உங்கள் டிஏபி சாயமும் பழுப்பு. ஸ்லைடைக் கொஞ்சம் ஃபோகஸ் மாற்றிப் பாருங்கள். ஹீமோசிடரின் பொன்னிறக் குருணையாக, ஒளியில் மினுங்கும். டிஏபி மந்தமாக, செல்லின் எல்லையைப் பின்பற்றியே இருக்கும். ஆன்டிபாடி போடாத எதிர்மறை ஸ்லைடிலும் அதே இடம் பழுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்னும் உறுதி வேண்டும் என்றால் பெர்ல்ஸ் சாயம் போடுங்கள், அந்தக் குருணைகள் நீலமாகும்.

பயோட்டின் சார்ந்த பழைய கிட்டுகளைத் தவிர்த்து பாலிமர் கிட் வாங்குவது நல்லது. சூட்டில் மீட்கும்போது திசுவின் சொந்த பயோட்டினும் விழித்துக்கொண்டு பொய்ச் சாயம் காட்டும்.

7. வெட்டும் வரிசை

எல்லா வெட்டுகளையும் ஒரே அமர்வில், 4 மைக்ரான் தடிமனில், வரிசை எண் இட்டு வெட்டச் சொல்லுங்கள். பிளாக்கைத் திரும்பப் பொருத்தும் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சமன் செய்யத் திசு சீவப்பட்டுப் போகும். நான் சிஏ-9க்கு ஒரு மாதமும் சிடி34க்கு அடுத்த மாதமும் வெட்டினேன். சிஏ-9 அழகாக ஏறியிருந்த, விரல் போலக் காம்பில் நீண்டு வளர்ந்த ஒரு சிறு காம்புக் கட்டி, சிடி34 ஸ்லைடில் இல்லவே இல்லை. இடையில் சீவி எறியப்பட்டிருந்தது.

ஒப்பிட வேண்டிய இரண்டை அடுத்தடுத்த வெட்டில் வையுங்கள். என் இரண்டாவது முயற்சியின் வரிசை: எச் அண்ட் ஈ, எச்ஐஎஃப், சிஏ-9, சிடி34, குளுட்-1, விஇஜிஎஃப், கடைசியில் இன்னொரு எச் அண்ட் ஈ. முதலும் கடைசியும் ஒரே மாதிரி இருந்தால் நடுவில் இருப்பவையும் ஒன்றுதான் என்று நம்பலாம். கூடவே 2 வெற்று ஸ்லைடுகளையும் வெட்டி வையுங்கள், வீணாகாது. ஆனால் வெட்டிய ஸ்லைடு நாளாக ஆகச் சாயம் வாங்கும் சக்தியை இழக்கும். சில வாரங்களுக்குள் சாயமேற்ற முடியும் என்ற நிலை வந்தபின்தான் வெட்ட வேண்டும். ஆன்டிபாடி வரட்டும், பிறகு வெட்டுங்கள்.

8. புரதங்களுக்கு மதிப்பெண்

எச்ஐஎஃப்-1 ஆல்பாவுக்கு நியூக்ளியஸ் சாயத்தை மட்டும் எண்ணுங்கள். சிஏ-9, குளுட்-1 இரண்டுக்கும் செல் சவ்வு. விஇஜிஎஃப்புக்கு சைட்டோபிளாசம். எத்தனை சதவீதச் செல்கள், எவ்வளவு அழுத்தம் என்று இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். பிறகு எச்-ஸ்கோர் வேண்டுமென்றால் கணக்கிட்டுக்கொள்ளலாம்: மெல்லிய சாயச் சதவீதம் ஒருமடங்கு, நடுத்தரம் இருமடங்கு, அழுத்தம் மும்மடங்கு, மொத்தம் 0 முதல் 300 வரை. ஸ்கோரை மட்டும் எழுதி வைத்தால் பின்னால் பிரித்துப் பார்க்க முடியாது.

இடத்தையும் எழுதுங்கள். சிறுநீர்ப்பைக் கட்டியில் சிஏ-9 செத்த திசுவைச் சுற்றி மட்டுமல்லாமல், பையின் உட்புறத்தைப் பார்த்த மேற்பரப்பிலும் ஏறும். நாளத்திலிருந்து தொலைவில் இருப்பது அந்த மேற்பரப்புதானே. எச்ஐஎஃப் சாயம் செத்த திசுவின் ஓரத்தில் வளையமாக நிற்பது ஒன்று, கட்டி முழுக்கச் சிதறிக் கிடப்பது இன்னொன்று. பின்னது ஆக்சிஜனால் அல்லாமல், வளர்ச்சிக் காரணிகளின் சமிக்ஞையாலும் வரும்.

சிஏ-9 ஊடுருவாத காம்புக் கட்டிகளில் அதிகமாகவும், தசைக்குள் போனவற்றில் குறைவாகவும் வந்தால் லேபிள் மாறிவிட்டதோ என்று பயப்படாதீர்கள். சிறுநீர்ப்பையில் அப்படித்தான் முன்பும் கண்டிருக்கிறார்கள். நான் 2 நாட்கள் ஸ்லைடு எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேர் தனித்தனியாக, நோயாளியின் நிலையும் முடிவும் தெரியாமல் பார்க்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு ஸ்லைடுகளை 2 வாரம் கழித்து நீங்களே மறுபடியும் பாருங்கள். உங்களோடு நீங்களே எவ்வளவு முரண்படுகிறீர்கள் என்பது தெரியவரும்.

9. நாளங்களை எண்ணுதல்

குறைந்த உருப்பெருக்கத்தில் முழு வெட்டையும் நகர்த்திப் பார்த்து, நாளம் மிக அடர்ந்த 3 இடங்களைத் தேர்ந்தெடுங்கள். 200 மடங்கில் ஒவ்வொன்றிலும் எண்ணுங்கள். பழுப்பேறிய ஒரு செல்லோ செல் கூட்டமோ பக்கத்தில் உள்ளவற்றிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிந்தால் அது ஒரு நாளம். உள்ளே குழிவு தெரிய வேண்டியதில்லை, சிவப்பணு இருக்க வேண்டியதில்லை. தசைச் சுவர் கொண்ட பெரிய நாளங்களை விட்டுவிடுங்கள். புண்ணின் அடித்தளம், புண் ஆறும் திசு, செத்த திசுவை ஒட்டிய அழற்சி ஆகியவற்றில் எண்ணாதீர்கள். கண்ணைக் கவரும் இடம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எனவே அடர்ந்த இடம் ஒன்றைக் கண்டதும், பக்கத்து எச் அண்ட் ஈ ஸ்லைடில் அதே இடத்தைப் பார்த்து, அங்கே புற்றுச் செல்கள் இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். இந்த ஒரு பழக்கம் எனக்கு முன்பே இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திருக்காது.

காம்புக் கட்டிகளில் ஒரு சிக்கல். மேற்படலத்துக்குள் நாளம் கிடையாது, எல்லாம் காம்பின் நடுத்தண்டில்தான். ஒரு புலத்தில் எத்தனை தண்டுகள் விழுகின்றன என்பதைப் பொறுத்து எண்ணிக்கை ஏறி இறங்கும். நீளவாக்கில் வெட்டுப்பட்ட தண்டில் ஒரே நாளம் புலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூலாக ஓடும், அதை ஒன்று என்றுதான் எண்ண வேண்டும். புலத்தின் மொத்தப் பரப்புக்கா, தண்டின் பரப்புக்கு மட்டுமா என்ற விதியை முதல் ஸ்லைடுக்கு முன்பே எழுதிவிடுங்கள். எதைத் தேர்ந்தாலும் நியாயம் சொல்லலாம், நடுவில் மாற்றினால் மட்டும் சொல்ல முடியாது.

"ஒரு புலத்துக்கு இத்தனை நாளங்கள்" என்று எழுதுவது பெரிய தவறு. கண்வில்லையில் பொறித்திருக்கும் புல எண்ணை 20 மடங்குப் பொருள்வில்லையின் 20-ஆல் வகுத்தால் புலத்தின் விட்டம் வரும். புல எண் 22 என்றால் விட்டம் 1.1 மில்லிமீட்டர், பரப்பு 0.95 சதுர மில்லிமீட்டர். புல எண் 18 என்றால் 0.64 மட்டுமே. ஒரே அடர்த்தியுள்ள திசுவில் ஒருவர் 45 என்றும் மற்றவர் 30 என்றும் எண்ணுவார்கள், இருவருமே சரி. அதனால் சதுர மில்லிமீட்டருக்கு என்று மாற்றியே எழுதுங்கள், கடைசிவரை ஒரே மைக்ரோஸ்கோப்பில் உட்காருங்கள்.

எண்ணுவது களைப்பூட்டுகிறது என்றால் சாக்லி முறை இருக்கிறது. 25 புள்ளிகள் கொண்ட கண்வில்லைத் தட்டு, மிக அதிகமான புள்ளிகள் நாளங்களின் மேல் விழும்படி அதைச் சுழற்றி, அந்தப் புள்ளிகளை எண்ணுவது. வேகமானது, இரண்டு பேருக்கிடையே வேறுபாடும் குறைவு. தட்டு கிடைத்தால் அதையே எடுங்கள்.

10. கணக்கும் எழுத்தும்

மரணம், கட்டி திரும்புதல், தசைக்குள் முன்னேறுதல் எதைக் கணக்கிடுகிறீர்கள் என்பதைத் தேதியோடு வரையறுங்கள். இரண்டாம் முறை சுரண்டியபோது கிடைத்த மிச்சக் கட்டியை "திரும்பிய கட்டி" என்று பதிந்துவிடுவது சர்வ சாதாரணமாக நடக்கும் தவறு.

5 புரதங்களை 6 மருத்துவ விவரங்களோடு ஒப்பிட்டால் 30 சோதனைகள். 0.05 என்ற எல்லையில், எந்தத் தொடர்பும் இல்லாமலேயே சராசரியாக ஒன்றரைச் சோதனை "முக்கியமானது" என்று வந்து நிற்கும். வெட்டுப்புள்ளியை, அதாவது எதற்கு மேல் உயர்வு என்பதை, பி மதிப்பு அழகாக வரும்வரை நகர்த்திக்கொண்டிருக்காதீர்கள். நடுமதிப்பு என்று முன்கூட்டியே எழுதிவிட்டு அதோடு நில்லுங்கள். 20 பேருக்குத்தான் கட்டி திரும்பியது என்றால், பல காரணிகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ஸ் பகுப்பாய்வில் இரண்டு காரணிகளுக்கு மேல் ஏற்றுவது பேராசை. கட்டிக் குறியீட்டு ஆய்வுகளுக்கான 2005-ஆம் ஆண்டின் ரிமார்க் வழிகாட்டுதலை ஆய்வு தொடங்கும்போதே படியுங்கள். முடியும்போது படித்தால் இல்லாத விவரங்கள்தான் தெரியவரும்.

விவாதப் பகுதியில் "எனவே விஇஜிஎஃப் எதிர்ப்பு மருந்து பயன்படும்" என்று ஒரு வரி எழுதத் தோன்றும். பரவிய சிறுநீர்ப்பாதைப் புற்றில் ஜெம்சிடபைன், சிஸ்பிளாட்டினோடு அந்த வகை மருந்தான பெவாசிசுமாப் சேர்த்துப் பார்த்த மூன்றாம் கட்டச் சோதனையில், நடுமதிப்பு ஆயுள் 14.5 மாதம், சேர்க்காதவர்களுக்கு 14.3 மாதம். அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

11. எவ்வளவு காலம்

எனக்கு ஆனது: அனுமதி 11 வாரம், பிளாக் தேடல் 7, ஆன்டிபாடி வந்து சேர 6, ஒத்திகை 5, வெட்டுவதும் சாயமேற்றுவதும் 4, இருவர் பார்ப்பது 8, கணக்கு 2. மொத்தம் 43 வாரங்கள், மறுபடி செய்ததைச் சேர்க்காமல். அனுமதிக்குக் காத்திருக்கும்போதே ஆன்டிபாடிக்கான விலைக் கோரிக்கைகளை வாங்கி, படிவங்களைத் தயார் செய்தால் சில வாரங்களாவது குறையும். இரண்டாவது பார்வையாளரின் நேரத்தை முதல் மாதத்திலேயே கேட்டுவையுங்கள். 8 வாரங்களில் பாதி, அவருக்குத் தேர்வுக்காலமாக இருந்ததால் போனது.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பிளாக்கையும் எண் சரிபார்த்து அதே இழுப்பறையில் திருப்பி வைத்து, பதிவேட்டில் கையொப்பம் வாங்குங்கள். என் ஆய்வேடு ஏற்கப்பட்ட 4 மாதம் கழித்து ஒரு நோயாளிக்குக் கட்டி திரும்பியது. பழைய பிளாக் உடனே வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அது இழுப்பறையில் இருந்தது.